தண்ணீருக்குக் கணக்கு எழுதிய எலன் றிச்சர்ட்ஸ்

இருபத்தெட்டு வருடங்களுக்குப் பிறகு 2023 இல் ஊருக்குப் போயிருந்தேன். போன அன்றே எங்கள் வளவுக் கிணற்றில் வாளி போட்டு அள்ளி ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன். சின்ன வயதில் குடித்த அதே ருசி என்றுதான் நாக்குச் சொன்னது. ஆனால் கிணற்றடியில் நின்று சுற்றிவரப் பார்த்தபோது மனம் அமைதிப்படவில்லை. முன்பு பனைகள் நின்ற பக்கத்து வளவில் இப்போது மாடி வீடு. அந்த வீட்டு மலசலகூடக் குழி எங்கள் மதிலோடு ஒட்டியபடி. பின்பக்கத் தோட்டத்தில் வெங்காயத்துக்கு யூரியா எறிந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்குள்ளே அக்காவின் பேரக்குழந்தை, நாலு மாதம். அதே கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் அதற்குப் பால்மா கரைத்தார்கள்.

தண்ணீர் நல்லதோ என்று அக்காவிடம் கேட்டேன். ஐயா காலத்திலிருந்து குடிக்கிறோம், ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை என்றா.

வணிகத்துறையில் பட்டம் எடுத்து, பிழைப்புக்காக மற்றவர்களின் கணக்கை எழுதிக்கொண்டிருப்பவன் நான். லாபமோ நட்டமோ என்று கேட்டதற்கு, கடை இன்னும் பூட்டவில்லைத்தானே என்று ஒரு முதலாளி சொன்னது போலிருந்தது எனக்கு. எங்கள் கிணற்றுக்கு ஆரம்ப மீதி இல்லை. 1985 இல் அந்தத் தண்ணீரில் என்னென்ன எவ்வளவு இருந்தது என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. ஆகவே இன்றைக்கு அது கெட்டுவிட்டதா, எவ்வளவு கெட்டது, எப்போதிருந்து கெட்டது என்று சொல்ல ஒரு வழியும் இல்லை.

கனடாவுக்குத் திரும்பிய பிறகு இதைப்பற்றி வாசிக்கத் தொடங்கினேன். அப்போது அறிமுகமானவர்தான் எலன் சுவாலோ றிச்சர்ட்ஸ். எங்கள் சமூகத்தில் அதிகம் பேசப்படாத பெயர். நோய் வந்த பிறகு தண்ணீரைச் சோதிக்காமல், நோய் வராத காலத்திலேயே ஒரு மாநிலம் முழுவதன் தண்ணீரையும் மாதாமாதம் அளந்து எழுதிய வேலைக்குத் தோள் கொடுத்தவர். அந்த வேலையைச் செய்வதற்கு முன் அவர் கடந்துவந்த பாதையும் எங்களில் பலருக்குப் பழக்கமானதுதான். படித்தும் பதிவில் பெயரில்லை, வேலை செய்தும் சம்பளமில்லை.

அவர் பிறந்தது 1842 டிசம்பர் 3 ஆம் திகதி, அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் வட எல்லையிலுள்ள டன்ஸ்ரபிள் என்ற சிறு கிராமத்தில். தாயும் தகப்பனும் ஆசிரியர்கள். ஒரே பிள்ளை. சிறு வயதில் வீட்டிலேயே படித்தார். 1859 இல் மகளின் மேற்படிப்புக்காகக் குடும்பம் வெஸ்ற்போர்ட் என்ற ஊருக்கு இடம்பெயர்ந்தது. அங்கே தகப்பன் ஒரு பலசரக்குக் கடை போட்டார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் நிற்பார், சாமான் நிறுப்பார், கணக்கும் எழுதுவார். என்ன வந்தது, என்ன போனது, என்ன மிச்சம் என்று நாள் முடிவில் பார்க்கும் பழக்கம் அங்கேதான் தொடங்கியது. இரசாயனம் படித்ததெல்லாம் அதற்குப் பிறகு.

அந்தக் காலத்தில் பெண்களுக்குப் பட்டப்படிப்பு என்பது எட்டாத கனி. நியூயோர்க் மாநிலத்தில் வஸார் என்ற பெண்கள் கல்லூரி 1865 இல் வகுப்புகளைத் தொடங்கியது. அங்கே போகப் பணம் வேண்டும். எலன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார், வீடுகளில் சமைத்தார், துப்புரவு வேலை செய்தார். இடையில் தாயாரின் சுகவீனமும் அவருடைய சொந்த மனச்சோர்வும் இரண்டு வருடங்களைத் தின்றன. கடைசியில் 300 டொலர் சேர்ந்தது. 1868 இல் வஸாருக்குள் காலடி வைத்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. இரண்டே வருடங்களில் பட்டம் பெற்றார்.

வானியலா இரசாயனமா என்று அங்கே அவருக்கு ஒரு தடுமாற்றம் இருந்தது. வானியல் கற்பித்தவர் மரியா மிச்செல், உலகறிந்த வானியலாளர். இரசாயனம் கற்பித்தவரோ, விஞ்ஞானம் அடுப்படிக்கும் தெருவுக்கும் உதவவேண்டும் என்ற கொள்கை உடையவர். எலன் இரசாயனத்தைத் தெரிந்தெடுத்தார்.

பட்டம் பெற்றதும் இரசாயன நிறுவனங்களுக்கு வேலை கேட்டுக் கடிதங்கள் போட்டார். பெண்ணுக்கு வேலை கொடுக்க ஒருவரும் தயாரில்லை. ஒரு நிறுவனத்தார் மட்டும், பொஸ்ரனில் புதிதாகத் தொடங்கியிருக்கும் தொழில்நுட்பக் கல்லூரியில் கேட்டுப்பாருங்கள் என்று வழி காட்டினார்கள். இன்று எம்.ஐ.ரி என்று உலகமே அறிந்த கல்லூரி அது. அதுவரை அங்கே ஒரு பெண்ணும் படித்ததில்லை. 1870 டிசம்பரில் அவரை விசேட மாணவியாகச் சேர்த்துக்கொள்ள முடிவுசெய்தார்கள். இதை வைத்துக்கொண்டு மற்றப் பெண்களும் வரலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுதிவைத்தார்கள்.

கட்டணம் வேண்டாம் என்றார்கள். தன் வறுமையைப் பார்த்து இரங்கிவிட்டார்கள் என்று அவர் நினைத்தார். உண்மைக் காரணம் பிறகுதான் தெரியவந்தது. யாராவது எதிர்ப்புத் தெரிவித்தால், அப்படி ஒரு மாணவி எங்கள் பதிவேட்டில் இல்லை என்று தலைவர் சொல்லவேண்டும். கட்டணம் வாங்கினால் பற்றுச்சீட்டு எழுதவேண்டும், பற்றுச்சீட்டு எழுதினால் பெயர் ஏறிவிடும். இது முன்பே தெரிந்திருந்தால் போயிருக்கவே மாட்டேன் என்று பிற்காலத்தில் அவர் சொன்னாராம். கணக்கில் காட்டாமல் ஓர் ஆளை வைத்திருப்பது என்றால் என்னவென்று, காசாக மட்டும் கூலி வாங்கி உணவகங்களின் பின்பக்கத்தில் கோப்பை கழுவியவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

உள்ளே போனவர் சண்டை பிடிக்கவில்லை. மேசை துடைத்தார், பேராசிரியரின் விரலில் காயம் பட்டபோது கட்டுப் போட்டார், கிழிந்ததைத் தைத்துக் கொடுத்தார், சிதறிக் கிடந்த தாள்களை ஒழுங்குபடுத்தினார். தான் இல்லாமல் ஆய்வுகூடம் நடக்காது என்ற நிலையை உண்டாக்கினார். 1871 இல் தகப்பனார் ரயில் விபத்தில் இறந்துபோனார். அந்தத் துக்கத்தோடும் படிப்பை விடவில்லை. 1873 இல் எம்.ஐ.ரியின் பட்டம் கிடைத்தது. அந்தக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதற் பெண் அவர். அதே வருடம் வஸார் அவருக்கு முதுகலைப் பட்டம் கொடுத்தது. மேலும் இரண்டு வருடங்கள் படித்தும், ஒரு பெண்ணுக்குக் கலாநிதிப் பட்டம் கொடுக்க எம்.ஐ.ரி முன்வரவில்லை.

தண்ணீர் அவருடைய கைக்கு வந்தது மாணவியாக இருக்கும்போதே. மசாசூசெற்ஸ் மாநிலம் 1869 இல் ஒரு சுகாதாரச் சபையை அமைத்தது. ஆறுகளும் குளங்களும் எப்படியிருக்கின்றன என்று பார்த்துச் சொல்லும்படி வில்லியம் நிக்கல்ஸ் என்ற பேராசிரியரிடம் சபை கேட்டது. நிக்கல்ஸ் பெண்கள் படிப்பதை விரும்பாதவர். ஆனாலும் நுணுக்கமாக அளக்கக்கூடிய கை யாருடையது என்று பார்த்தபோது அவருடைய கண்ணில் பட்டது எலன்தான். 1872 இலிருந்து தண்ணீர்ப் போத்தல்கள் அவருடைய மேசைக்கு வரத்தொடங்கின.

1875 இல் சுரங்கப் பொறியியல் பேராசிரியர் றொபேர்ட் றிச்சர்ட்ஸை மணந்தார். தேனிலவுக்குக் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போனார்கள், கணவரின் மாணவர்களையும் கூட்டிக்கொண்டு, சுரங்கம் பார்க்க. மணப்பெண் கனத்த சப்பாத்தோடு கல்லுப் பொறுக்கினார்.

அடுத்த வருடம் பொஸ்ரனின் பெண்கள் கல்விச் சங்கம் கொடுத்த பணத்தில் எம்.ஐ.ரியில் பெண்களுக்கென ஓர் ஆய்வுகூடம் திறக்கப்பட்டது. எலன் அங்கே சம்பளமில்லாமல் கற்பித்தார். தன் கைப்பணத்தையும் அதற்குள் போட்டார். 1883 இல் பெண்களையும் வழமையான மாணவர்களாகச் சேர்க்கத் தொடங்கியதும் அந்தத் தனி ஆய்வுகூடம் மூடப்பட்டது. தன் வேலையே இல்லாமற் போகும்படி தானே உழைத்தவர் என்று சொல்லலாம். 1884 இல்தான் சுகாதார இரசாயனத்தின் போதனாசிரியர் என்ற பதவி அவருக்குக் கிடைத்தது. அப்போது வயது நாற்பத்தொன்று. அதே பதவியில்தான் இறக்கும்வரை இருந்தார்.

இனி அவருடைய பெரிய வேலைக்கு வருகிறேன்.

அன்றைய மசாசூசெற்ஸில் பருத்தி ஆலைகளும் கம்பளி ஆலைகளும் பெருகிக்கொண்டிருந்தன. மெரிமாக் என்ற ஆற்றின் கரையில் லோவெல், லோரன்ஸ் என்று இரண்டு ஆலை நகரங்கள். மேலே இருக்கும் லோவெலின் கழிவு ஆற்றில் விழும். பதினைந்து கிலோமீற்றர் அளவு கீழேயிருக்கும் லோரன்ஸ் அதே ஆற்று நீரைக் குடிக்கும். நெருப்புக்காய்ச்சல், அதாவது தைபோயிட்டு, வருடாவருடம் ஆட்களைக் கொண்டுபோனது. ஆலைத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்தும் கனடாவின் பிரெஞ்சுப் பகுதியிலிருந்தும் வந்த குடியேறிகள்.

ஓடும் ஆறு தன்னைத் தானே சுத்தப்படுத்திக்கொள்ளும் என்று பலர் நம்பினார்கள். பார்வைக்குத் தெளிவாக இருந்தால் தண்ணீர் நல்லது என்பது சாதாரண மக்களின் கணிப்பு. யார் சொல்வது சரி என்று தீர்க்க ஆதாரம் இல்லை. 1886 இல் மாநிலம் உள்நாட்டு நீர்நிலைகளைப் பாதுகாக்க ஒரு சட்டம் இயற்றி, சுகாதாரச் சபையிடம் பொறுப்பை ஒப்படைத்தது. சட்டத்தை நடைமுறைப்படுத்த முதலில் கையிருப்புத் தெரியவேண்டும். ஆகவே 1887 இல் மாநிலத்தின் குடிநீர் ஆதாரங்கள், ஆறுகள் எல்லாவற்றிலிருந்தும் மாதாமாதம் மாதிரி எடுத்துச் சோதிக்கும் வேலை தொடங்கியது. பொறுப்பாளர் பேராசிரியர் தோமஸ் டிறவுண். ஆய்வுகூடத்தை நடத்தியவர் எலன் றிச்சர்ட்ஸ்.

இரண்டு வருடங்களில் ஆயிரக்கணக்கான மாதிரிகள். இன்றைய இயந்திரங்கள் ஒன்றுமில்லை. ஒவ்வொரு போத்தலையும் திறந்து நிறம் பார்த்து, மணந்து, ஒரு பகுதியை வற்றவைத்து அடியில் மிஞ்சுவதை நிறுத்து, இன்னொரு பகுதியை வடித்து அமோனியாவை அளந்து, பிறகு நைத்திரைற்று, நைத்திரேற்று, குளோரைட்டு, வன்மை என்று ஒவ்வொன்றாகப் பதியவேண்டும். அமோனியாவுக்கு ஒரு கரைசலைச் சேர்த்தால் தண்ணீர் மஞ்சளாகும். அந்த மஞ்சளின் அடர்த்தியை அளவு தெரிந்த குழாய்களோடு கண்ணால் ஒப்பிட்டுத் தொகையை எழுதவேண்டும். ஆய்வுகூடத்துக் காற்றில் கொஞ்சம் அமோனியா கலந்திருந்தாலும் கணக்குப் பிழைத்துவிடும். போத்தல் சரியாகக் கழுவப்படாவிட்டாலும் அப்படித்தான். பயணத்தில் ஒரு நாள் பிந்தினால் தண்ணீரே மாறிவிடும்.

இந்த அளவைகளுக்குள் இருக்கும் தருக்கம் என்னைப் போன்ற ஒரு கணக்காளனுக்கு உடனே விளங்கியது. மனிதக் கழிவு தண்ணீரில் சேர்ந்தால் அதிலுள்ள நைதரசன் முதலில் அமோனியாவாகத் தெரியும். பிறகு கிருமிகள் அதை நைத்திரைற்றாக மாற்றும். அதன்பின் நைத்திரேற்றாக மாற்றும். எனவே அமோனியா கூடுதலாக இருந்தால் அழுக்கு அண்மையில் விழுந்தது. நைத்திரைற்று இருந்தால் மாற்றம் இன்னும் முடியவில்லை. நைத்திரேற்று மட்டும் கூடுதலாக இருந்தால் அது பழைய அழுக்கு. கடன்பட்டோர் பட்டியலை 30 நாள், 60 நாள், 90 நாள் என்று பிரித்துப்போட்டு எந்தக் கடன் புதிது, எது பழையது என்று பார்ப்போமே, அதே வேலைதான்.

குளோரைட்டு இதிலிருந்து வேறுபட்டது. அது உப்பின் பகுதி. மனிதன் உப்புச் சாப்பிடுகிறான், அது சிறுநீரில் வெளியேறுகிறது. மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை, கிருமிகள் அதை மாற்றுவதுமில்லை. குழியிலிருந்து நிலத்துக்குள் இறங்கி, நிலத்தடி நீரோடு நடந்து, கிணற்றுக்குள் வந்து நிற்கும். மற்றத் தடயங்கள் அழிந்த பின்பும் இது அழியாது. ஆனால் ஒரு சிக்கல். உப்பு கடலிலிருந்தும் வரும். கடற்காற்று உப்பைச் சுமந்துவந்து மழையோடு இறக்கும். அப்படியானால் ஒரு கிணற்றிலுள்ள குளோரைட்டு கடல் தந்ததா, மலசலகூடக் குழி தந்ததா என்று எப்படிப் பிரிப்பது?

மாதாமாதம் வந்த போத்தல்களின் தொகைகளை வரைபடத்தில் பதிந்தபோது விடை கிடைத்தது. மனிதர் வாழாத இடங்களின் தூய நீரை மட்டும் எடுத்துப் பார்த்தால், கடற்கரையில் குளோரைட்டு அதிகம், உள்நாட்டுக்குப் போகப் போகப் படிப்படியாகக் குறைவு. கேப் கோட் என்ற கடல் முனையில் இருந்த அளவு மேற்கு மலைகளில் இருந்ததைவிடப் பல மடங்கு. ஒரே அளவுள்ள இடங்களைக் கோடு போட்டு இணைத்தபோது, கோடுகள் கடற்கரையைப் பின்பற்றி வரிசையாக வந்தன. இயல்புக் குளோரைட்டு வரைபடம் என்று இதற்குப் பெயர் வந்தது. இனி எந்த ஊர்க் கிணற்றையும் சோதிக்கலாம். அந்த இடத்துக்குரிய இயல்பு அளவு வரைபடத்தில் இருக்கிறது. அதைவிட எவ்வளவு மேலதிகமோ, அவ்வளவும் மனிதன் சேர்த்தது. கடலோரத்தில் குறை சொல்ல முடியாத ஒரு தொகை, மலையடிவார ஊரில் ஆபத்தின் அறிகுறி ஆகலாம்.

இந்த வரைபடத்தைப் பற்றி வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஒரு தொகை தனியாக நின்றால் அதற்குக் கருத்தில்லை. எதோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் எல்லாம் என்று எங்களுக்குக் கணக்கியலில் முதலாம் வருடம் படிப்பித்தார்கள். தண்ணீர் விடயத்தில் அந்த ஒப்பீட்டு அளவை உருவாக்க ஒரு மாநிலம் முழுக்கச் சுத்தமான தண்ணீரையும் பொறுமையாக அளக்கவேண்டியிருந்தது. அழுக்கான தண்ணீரை மட்டும் அளந்திருந்தால் இந்தக் கோடுகள் ஒருபோதும் தெரிந்திருக்காது.

வேலையின் பெறுமதியில் பெரும்பங்கு எலனின் விடாமுயற்சிக்கும் கவனத்துக்கும் உரியது என்று டிறவுண் அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டார். 1897 வரை சுகாதாரச் சபைக்காகத் தண்ணீர்ச் சோதனை செய்துவந்தார் எலன்.

அளந்ததால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு லோரன்ஸ் நகரம் பதில் சொல்லும். 1887 இல் அங்கே சுகாதாரச் சபை ஒரு பரிசோதனை நிலையத்தை அமைத்து, மணலுக்குள்ளால் கழிவுநீரையும் ஆற்றுநீரையும் வடியவிட்டு என்ன நடக்கிறது என்று பார்க்கத் தொடங்கியது. 1890 ஆம் ஆண்டின் இறுதியில் லோவெலில் நெருப்புக்காய்ச்சல் பரவியது. பின்னாலேயே லோரன்ஸிலும் பரவியது. எலனோடு எம்.ஐ.ரியில் கற்பித்த வில்லியம் செட்ஜ்விக் வீடு வீடாகப் போய் விசாரித்தார். லோவெலுக்கு மேலே ஸ்ரோனி புறூக் என்ற ஓடையில் நோயாளிகளின் கழிவு சேர்ந்து, அது ஆற்றில் கலந்து இரண்டு நகரங்களுக்கும் போனதை வெளிக்கொண்டுவந்தார். அந்த ஓடை, எலன் பிள்ளைக் காலத்தில் கடையில் கணக்கெழுதிய வெஸ்ற்போர்ட் ஊருக்குள்ளாலும் ஓடுவது.

1893 இல் லோரன்ஸ் நகரம் ஆற்றோரத்தில் பெரியதொரு மணல் வடிகட்டியை அமைத்தது. அடுத்த சில வருடங்களில் அங்கே நெருப்புக்காய்ச்சலால் இறப்பவர்களின் தொகை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. மருந்து மாறவில்லை, ஆறும் மாறவில்லை. ஆற்றுக்கும் குழாய்க்கும் நடுவில் மணல் வந்தது. வடிகட்டியை வடிவமைத்தவர் ஹைரம் மில்ஸ் என்ற பொறியியலாளர். அந்தப் புகழ் எலனுக்குரியதல்ல. ஆனால் என்ன போகிறது, என்ன வருகிறது என்று தொகையாகச் சொல்லும் பழக்கம் இல்லாதிருந்தால், மணலுக்குச் செலவழிக்க நகரசபையை யார் இணங்கவைத்திருப்பார்கள்?

அவர் பயிற்றுவித்த மாணவர்கள் பல இடங்களிலும் நீர் வழங்கல் பொறியியலாளர்களாகவும் ஆய்வாளர்களாகவும் போனார்கள். காற்று, நீர், உணவு பற்றி அவர் சகாவோடு சேர்ந்து எழுதிய பாடநூல் 1900 இல் வெளிவந்தது. வீட்டு நிர்வாகத்தை ஒரு விஞ்ஞானப் பாடமாக்கவேண்டும் என்று முயன்று, 1908 இல் உருவான அமெரிக்க மனையியல் சங்கத்தின் முதல் தலைவரானார். எங்கள் பள்ளிக்கூடங்களில் பெண்பிள்ளைகள் படித்த மனையியலுக்கும் அந்த இயக்கத்துக்கும் தொடர்பு உண்டு. நல்லதும் பொல்லாததுமாக. பெண்கள் ஆய்வுகூடத்துக்குள் போக அவர் திறந்த கதவு, சிலருக்கு மறுபடி அடுப்படிக்கே கொண்டுபோய் விட்டது என்று குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

அவர் சறுக்கிய இடமும் ஒன்று உண்டு. 1890 இல் பொஸ்ரனில் ஏழைகளுக்கு மலிவாகச் சத்துணவு கொடுக்க ஒரு சமையற்கூடத்தைத் தொடங்கினார்கள். எவ்வளவு புரதம், எவ்வளவு கொழுப்பு என்று எல்லாம் அளந்து சமைத்தார்கள். குடியேறிய ஏழைகள் அந்தப் பக்கம் பெரிதாக வரவில்லை. அவர்களுடைய நாக்குக்கு அந்த உப்புச்சப்பில்லாத நியூ இங்கிலாந்துச் சாப்பாடு பிடிக்கவில்லை. அகதி முகாமில் கொடுத்த அவித்த உருளைக்கிழங்கை ஒதுக்கிவைத்துவிட்டு ஊர்த் தூளுக்காக அலைந்த எங்களுக்கு அவர்களுடைய பக்கம் நல்லாக விளங்கும். சத்தை அளந்தவர் ருசியைக் கணக்கில் எடுக்க மறந்துபோனார். மேசையில் வந்த போத்தலை அவர் விளங்கிக்கொண்ட அளவுக்கு, கடல் கடந்து வந்த மனிதர்களை விளங்கிக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

1910 இல் ஸ்மித் கல்லூரி அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் கொடுத்தது. அடுத்த வருடம், 1911 மார்ச் 30 ஆம் திகதி, பொஸ்ரனில் தன் வீட்டில் இருதய நோயால் காலமானார். வயது அறுபத்தெட்டு. கடைசிவரை எம்.ஐ.ரியில் அவர் போதனாசிரியர்தான், பேராசிரியர் அல்ல.

இந்தக் கதையை எழுதும்போது எனக்கு இன்னொரு கணக்கும் நினைவுக்கு வருகிறது. ரொறன்ரோவிலிருந்து காரில் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் வடமேற்கே போனால் வோக்கேற்றன் என்று ஒரு சிறு நகரம். 2000 ஆம் ஆண்டு மே மாதம் பெருமழையோடு மாட்டெருக் கிருமி அந்த ஊரின் குடிநீர்க் கிணறு ஒன்றில் கலந்தது. ஏழு பேர் இறந்தார்கள், 2,000 க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். விசாரணையில் தெரியவந்தது என்னவென்றால், குளோரின் அளவைத் தினமும் அளக்கவேண்டியவர்கள் வருடக்கணக்காக அளக்காமலே ஒரு தொகையை எழுதிவந்திருக்கிறார்கள். பதிவேடு இருந்தது, நிரலும் வரியும் வடிவாக நிரப்பப்பட்டிருந்தன. கணக்காய்வு செய்தவர்களுக்குத் தெரியும், எழுதாத புத்தகத்தைவிடப் பொய்யாக எழுதிய புத்தகம் ஆபத்தானது. எழுதாத இடத்தில் சந்தேகமாவது மிஞ்சும். பணக்கார நாட்டுக் குழாய்த் தண்ணீருக்குப் பின்னாலும், நேர்மையாகப் பார்த்து நேர்மையாக எழுதும் ஓர் ஆள் வேண்டும்.

யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்கு இந்த அம்மாவின் முறை அப்படியே பொருந்தாது. குடாநாட்டில் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் எங்கள் நன்னீர். அதன் கீழே உவர்நீர் கிடக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலே வரும், கிணறு சவராகும். கடல் எல்லாப் பக்கமும் கிட்ட இருப்பதால் குளோரைட்டை மட்டும் வைத்துக் குழியைப் பிடிக்க முடியாது. நைத்திரேற்றையும் மலக்கிருமியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து முதலில் வரும். இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் பிள்ளை நீலம் பாரிக்கும்.

இதை வாசித்த பிறகு அக்காவின் மகனுக்குத் தொலைபேசியில் விளக்கமாகச் சொன்னேன். அவன் சுத்தமான போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டுபோய்ச் சோதிப்பித்தான். நைத்திரேற்று 50 ஐத் தாண்டியிருந்தது. குழந்தையின் பாலுக்கு அன்றிலிருந்து வேறு தண்ணீர். ஐயா காலத்திலிருந்து குடித்த கிணற்றைப் பழுது என்று சொல்லிவிட்டேன் என்று அக்காவுக்கு என்மேல் கொஞ்ச நாள் கோபம். பக்கத்து வீட்டுக் குழியா, தோட்டத்து யூரியாவா, எங்கள் வீட்டுப் பழைய குழியேதானா என்று ஒரே சோதனையில் சொல்ல முடியாது. அயலவரோடு சண்டைக்குப் போகாதே, இன்னும் அளவு எடு என்று மருமகனுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

அவன் ஒரு கொப்பி வாங்கியிருக்கிறான். திகதி, கிணற்றில் தண்ணீர் நிற்கும் ஆழம், கடைசி மழை எப்போது, நைத்திரேற்று, குளோரைட்டு, மலக்கிருமி என்று ஆறு நிரல். வருடத்துக்கு இரண்டு தரம் சோதனை. மாரி முடிந்ததும் ஒன்று, கோடை முற்றியபோது ஒன்று. செலவை நான் அனுப்புகிறேன். கோயில் திருவிழாவுக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் அனுப்புவதோடு ஒப்பிட்டால் இது பெரிய காசல்ல. ஊரில் கிணறுள்ள எல்லோரும் இப்படி ஒரு கொப்பி வைத்திருந்து, அவற்றை ஒன்றாகப் போட்டுப் பார்த்தால், எலன் றிச்சர்ட்ஸின் வரைபடம் போல எங்கள் ஊருக்கும் ஒன்று கிடைக்கும்.

இதுவரை மூன்று வரிகள் எழுதப்பட்டிருக்கின்றன. முதல் வரிக்கு மேலே மருமகன், நான் சொல்லிக்கொடுத்தபடி, ஆரம்ப மீதி என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறான்.